ஒன்பதாம் குச்சி

எங்கள் மாவட்டத்தில் கடல் கிடையாது. பெரம்பலூரில் எந்த பஸ் ஏறினாலும் உப்புக்காற்று முகத்தில் பட அரை நாள் ஆகும். ஆனால் கடலோரப் பறவைகளுக்கு அது ஒரு பொருட்டில்லை. அவற்றுக்கு வேண்டியது ஈரச் சேறும் சேற்றுக்குள் புழுவும்தான். புரட்டாசியில் வடக்கிலிருந்து வரும் உள்ளான் கூட்டங்களில் ஒரு பகுதி அரியலூர்ப் பக்கத்து ஏரிகளில் இறங்கிவிடும்.

கடற்கரைப் பறவைகளைப் பற்றிய ஒரு பழைய புத்தகத்தில் ஒரு யோசனை படித்திருந்தேன். பறவையை நோக்கிப் போகாதே. கடல் ஏறுவதற்கு முன்பே போய் உட்கார்ந்துகொள். நீர் ஏற ஏறச் சேறு சுருங்கும். மிச்சமிருக்கும் பட்டைக்குப் பறவைகள் தாமாக வந்து சேரும்.

எங்கள் ஊர் நீரேற்றம் வாய்க்கால் வழியாக வருகிறது. ஆற்றுத் தண்ணீர் ஏரிக்குள் இறங்கும் அந்தச் சில வாரங்களில், உள்வாயில், அதாவது தண்ணீர் பரவும் உட்பக்கத்தில், தரை தட்டையாக இருப்பதால், நீர் ஒரு விரற்கடை உயர்ந்தாலே கரையில் நாலைந்து அடி முன்னேறிவிடும். கடலைப் போல அது திரும்பிப் போகாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போது நான் ஒரு தபால் ஆபீசில் கிளார்க். காலையில் முதல் வேலை முத்திரையில் தேதி மாற்றுவது. தேதி இல்லாத எதையும் நம்பாத குணம் அங்கே வந்ததா, அந்தக் குணத்தால் அந்த வேலைக்கு வந்தேனா என்று சொல்ல முடியாது. பறவைக் குறிப்புகளையும் அப்படித்தான் எழுதினேன். நாள், மணி, காற்று, நீர் நிலை, எண்ணிக்கை.

1997 அக்டோபரில் அந்த ஏரியில் ஒரு கோணமூக்கு உள்ளானைப் பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமான உடம்பு, நீலச் சாம்பல் கால், மேல்நோக்கி வளைந்த மெல்லிய மூக்கு. வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாத பறவை. சென்னையில் பறவை பார்ப்பவர்களுக்காக ஒரு சிறு இதழ் நடத்திய பெரியவருக்கு எழுதினேன். கார்டில் பதில் வந்தது. 'கடலிலிருந்து இவ்வளவு உள்ளே, தனியாக ஒன்று? படம் இருந்தால் பார்க்கலாம்.' மரியாதையான வரிதான். ஆனால் நான் பார்த்ததை நான் பார்க்கவில்லை என்று சொல்லும் வரி. ஒரு வருடம் அந்த கார்டு என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது.

1998 புரட்டாசியில் தயாராக இருந்தேன். இரண்டு கைமாறி வந்த கேமரா, நீளமான லென்ஸ், முப்பத்தாறு படத்துக்கு ஒரு கறுப்புவெள்ளை ரோல். ஒன்பது கருவைக் குச்சிகளை வெட்டி, சுண்ணாம்பு அடித்து, சிவப்புப் பெயின்ட்டில் ஒன்று முதல் ஒன்பது வரை எண் எழுதினேன். நீரோரத்திலிருந்து கரை நோக்கி ஐந்தைந்து தப்படிக்கு ஒன்றாக நட்டால், எந்த மணிக்கு நீர் எந்தக் குச்சியில், அப்போது பறவை எந்தக் குச்சியில் என்று எழுதலாம்.

புரட்டாசி மூன்றாம் சனி மதியம் குச்சிகளை நட்டேன். சுற்று வட்டாரம் முழுக்கக் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குப் போயிருந்தது. ஏரியில் ஒரு ஆடுகூட இல்லை. யாருக்கும் தொந்தரவில்லாமல் வேலை முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன். ஒன்பதாம் குச்சி உள்வாய்ப் புறம்போக்கில் யாரோ விதைத்திருந்த கம்புக் கொல்லையின் ஓரத்தில் வந்தது. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு, வெளிச்சம் வருவதற்கு முன்பே ஏரிக்குள் ஒரு மண் திட்டில், கருவைப் புதர் ஓரமாக, சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். சூரியன் முதுகுக்குப் பின்னால், முகம் கரையைப் பார்த்து. ஆறரைக்கு நீர் நாலாம் குச்சியில் இருந்தது. எட்டே காலுக்கு ஐந்தைத் தொட்டது. பத்து மணிக்கு ஆறைத் தாண்டியது. திட்டைச் சுற்றித் தண்ணீர் வந்து, என் செருப்பு ஒன்று மிதந்து போனது. எட்டிப் பிடித்தால் பறவை கிளம்பிவிடும் என்று விட்டுவிட்டேன்.

புத்தகம் சொன்னது நடந்தது. கொசு உள்ளான்கள் நெருங்கி நெருங்கி ஏழாம் குச்சிப் பக்கம் வந்தன. பட்டாணி உப்புக்கொத்திகள் ஓடி நின்று, ஓடி நின்று, அவற்றுக்குள் கலந்தன. பவளக்காலிகள் நீரோரத்தில் வரிசையாக நின்றன. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கம்புக் கொல்லைக் காவல் பரணிலிருந்து யாரோ தகர டப்பாவைத் தட்டினார்கள். உடனே மொத்தக் கூட்டமும் எழும்பி, ஏரியை ஒரு சுற்று சுற்றி இறங்கும். எரிச்சலோடு அதையும் எழுதினேன். 10.05 டப்பா. 10.14 டப்பா.

பத்து இருபதுக்குப் பவளக்காலிகளின் நடுவில் அது நின்றது. எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை. அந்த மூக்கை மட்டும் பார்த்தேன். ரோலில் ஆறு படம் பாக்கி. மூச்சை நிறுத்தி, ஒன்று. அது இரண்டடி நடந்தது, இரண்டு. மூன்று, நாலு. தலையைத் திருப்பி மூக்கு முழுசாகத் தெரிய நின்றபோது ஐந்தும் ஆறும். பிலிம் நகர்த்தும் நெம்புகோல் அதற்கு மேல் நகரவில்லை. முப்பத்தாறும் முடிந்திருந்தது.

கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பா நின்று வெகு நேரமாகிவிட்டதைப் பிறகுதான் கவனித்தேன்.

“யாருய்யா அது, சாக்குக்குள்ள?” என்று கரையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. “ஆளா, ஆடா? ஆடுன்னா கத்து, ஆளுன்னா எந்திரி.”

எழுந்தேன். கூட்டம் மொத்தமும் கிளம்பிப் போனது. கரையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா நின்றார். சிவப்புச் சேலையை வரிந்து கட்டியிருந்தார். ஒரு கையில் தகர டப்பா, மறு கையில் என் ஒன்பதாம் குச்சி. பக்கத்தில் அவரைவிட இளைய ஒருவர், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, அரிவாளோடு. கம்புக்கு வந்த அரிவாள்தான். ஆனால் அதை அவர் பிடித்திருந்த விதம் கம்புக்கானதாக இல்லை.

“இதை யாரு நட்டது?”

“நான்தாங்க.”

“நீ கவர்மென்ட்டா?”

இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்று உள்ளதைச் சொன்னேன்.

“ஆமாங்க.”

“எந்த கவர்மென்ட்டு?”

“சென்ட்ரல் கவர்மென்ட்டுங்க.”

துண்டு கட்டியவர் அந்த அம்மாவைப் பார்த்தார். “பாத்தியா அண்ணி. தாசில்தார் ஆபீசுலேர்ந்து வருவான்னு பாத்தா, டெல்லியிலேர்ந்தே வந்துட்டான்.”

எங்கள் பக்கத்தில் வெள்ளைக் குச்சியும் சிவப்பு எண்ணும் என்னவென்று கைக்குழந்தைக்கும் தெரியும். சுண்ணாம்புக்கல்லுக்காக நிலம் அளக்க வருகிறவர்கள் முதலில் நடுவது அதைத்தான். குச்சி வந்த இடத்துக்குப் பின்னால் குழி வரும். ஏரிக்குள் குச்சி வந்தால் அர்த்தம் வேறு. புறம்போக்குப் பயிரை அகற்றப் போகிறார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். இதே மண்ணில் பிறந்தவன். ஆனால் சுண்ணாம்பு அடிக்கும்போது தூரத்திலிருந்து எண் தெரிய வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் என் தலையில் ஏறவில்லை.

“ஊரே பெருமாளுக்குப் போன நாளாப் பாத்து நட்டிருக்கான். சாக்குக்குள்ள ஒளிஞ்சுகிட்டு படம் புடிக்கிறான். இவனுக்கு என்ன பேரு?” என்றபடி அந்த அம்மாவின் கொழுந்தனார் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து, என் கழுத்திலிருந்த கேமராவைப் பிடித்தார். நான் வாரை விடவில்லை. அவர் அரிவாளை இடுப்பில் செருகிவிட்டு இரண்டு கையாலும் இழுத்தார். வார் என் காதை உரசிக்கொண்டு போனது.

“இது எங்க தொறக்கும்?”

“தொறக்காதீங்க. வெளிச்சம் பட்டா எல்லாம் போயிடும்.”

“அதுக்குத்தான தொறக்குறோம்.”

அவருடைய கட்டைவிரல் பின்மூடியின் கொக்கிப் பக்கம் தடவிக்கொண்டே போனது. அரை அங்குலம் தள்ளிப் போனால் மூடி திறந்துகொள்ளும். நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க, நானே இடத்தைக் காட்டிக்கொடுக்கிறேன் என்று தோன்றி, கஷ்டப்பட்டு வேறு பக்கம் திரும்பினேன்.

“முப்பத்தாறு படத்துலயும் பறவைதாங்க இருக்கு. வேற ஒண்ணுமில்ல. நான் தபால் ஆபீஸ். வேணும்னா நோட்டைப் பாருங்க.”

நோட்டை நானே கொடுத்தேன். இது என் இரண்டாவது தவறு. அவர் கேமராவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

“‘குச்சி ஒன்பது. கம்புக் கொல்லை ஓரம். பயிர் கதிர்ப் பருவம்.’ அண்ணி! நம்ம கம்ப எழுதியிருக்கான். பருவம் மொதக்கொண்டு எழுதியிருக்கான்.” அடுத்த பக்கம். “‘பத்து அஞ்சு, டப்பா. பத்து பதினாலு, டப்பா.’ நீ டப்பா தட்டுன நேரத்தைக்கூட விடல!”

அந்த அம்மாவும் தண்ணீரில் இறங்கித் திட்டுக்கு வந்து என்னைப் பார்த்தார். கோபம் இருந்தால் பரவாயில்லை. பயம் இருந்தது.

“இன்னும் பத்து நாளு. பத்தே நாளு கெடந்தா அறுத்துருவேன். அந்தப் பக்கத்து ஏரியில கதிரு நிக்கையிலயே டிராக்டர வுட்டு உழுதாங்க. வூட்ல அவரு படுத்த படுக்கை. வேற காணி இல்ல தம்பி எனக்கு. இத எழுதிக் குடுக்குறதுல உனக்கு என்ன கெடைக்குது?”

“அம்மா, சத்தியமா உங்க கம்பப் பத்தி எழுத வரல. மூக்கு மேல வளைஞ்ச பறவை ஒண்ணு. அதை எடுக்கத்தான் வந்தேன்.”

“நாங்க பொழுதன்னிக்கும் குருவி ஓட்டிச் சாவறோம். நீ குருவி வரணும்னு சாக்கு போத்திகிட்டு உக்காந்திருக்க. இத நான் நம்பணும்.”

அப்போது கூட்டம் திரும்பி வந்து, எட்டாம் குச்சிக்குப் பக்கத்தில் இறங்கியது. அதற்கு வேறு இடம் மிச்சமில்லை. நான் கையை நீட்டாமல், தாடையால் காட்டினேன். கொழுந்தனார் கக்கத்திலிருந்த கேமராவை அந்த அம்மா வாங்கி, லென்ஸைத் திருப்பி, கண்ணில் வைத்தார். ஒரு கண்ணை மூட வரவில்லை. கொழுந்தனார் தன் உள்ளங்கையால் அந்தக் கண்ணைப் பொத்தினார். அந்த அம்மா லென்ஸைப் பறவையோடு மெல்ல நகர்த்தினார்.

“ஆமா. மூக்கப் பாரேன். சாக்குத் தைக்கிற கோணூசியத் திருப்பி வச்ச மாதிரி.”

“கோணூசியும் இருக்கும், கம்பும் இருக்கும் அண்ணி. தொறந்து எரிச்சிருவோம்.”

“எரிச்சிட்டா? உள்ள என்ன இருந்துச்சுன்னு நமக்கு என்ன தெரியும்? நாளைக்கே வேற பொட்டியத் தூக்கிட்டு வருவான். இத எங்க கழுவுவாங்க தம்பி?”

“அரியலூர்லங்க. தெரிஞ்ச ஸ்டுடியோ. இன்னிக்கே கழுவித் தருவார்.”

“அப்ப நானும் வரேன். நான் பாக்காம யாரும் பாக்கக் கூடாது.”

பன்னிரண்டரை பஸ்ஸில் போனோம். கொழுந்தனார் எனக்குப் பின்னால் நின்றார். அந்த அம்மா கேமராவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, மூடிப் பக்கம் கையை அழுத்தியிருந்தார். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவருடைய விரல்கள் எங்கே போகின்றன என்று பார்த்தேன். பிலிமை இன்னும் உருளைக்குள் திரும்பச் சுற்றவில்லை, சுற்றித் தருகிறேன் என்று இரண்டு முறை கேட்டேன். “நீ தொடக் கூடாது” என்பதுதான் பதில். ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்த என்னைக் கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அவரிடம் கேட்டார்.

“என்னம்மா மடியில, கோழியா? கோழிக்கும் டிக்கெட் உண்டு.”

“கோழி இல்ல, கொக்கு” என்றார் அவர் சிரிக்காமல். “முப்பத்தாறு கொக்கு. எத்தனை டிக்கெட்டுன்னு நீயே சொல்லு.”

ஸ்டுடியோக்காரர் என் வயதுக்காரர், நண்பர். நடந்ததைச் சொன்னதும் என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். இருட்டறைக்குள் தானும் வருவேன் என்று அந்த அம்மா பிடிவாதம் பிடித்ததால் அவரை மட்டும் உள்ளே கூட்டிப்போனார். கொழுந்தனாரும் நானும் வெளியே பெஞ்சில், முக்கால் மணி நேரம். கேமராவின் மூடி ஏரியிலேயே கொஞ்சம் திறந்திருக்கலாம், எல்லாம் ஏற்கனவே கறுத்துப்போயிருக்கலாம் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பிலிம் கறுக்கவில்லை. நண்பர் அதை ஆறு துண்டாக வெட்டி, முப்பத்தாறையும் ஒரே தாளில் சின்னதாகப் போட்டு, ஈரம் சொட்டச் சொட்டத் தட்டில் வைத்து எடுத்துவந்தார். அந்த அம்மா முதல் வரிசையிலிருந்து விரலை நகர்த்தினார். “குருவி. குருவி. நெட்டக்காலு. குருவி.” குரல் இளகிக்கொண்டே வந்தது. கொழுந்தனார்கூட, “நெசமாவே குருவிதான் போல” என்றார். நான் மூச்சுவிட்டேன்.

கடைசி வரிசையில் விரல் நின்றது.

ஐந்தாவதிலும் ஆறாவதிலும் பறவை அற்புதமாக விழுந்திருந்தது. மூக்கின் நுனிவரை தெளிவு. அதற்குப் பின்னால், கதிர் வாங்கிய கம்பு. கம்புக்கு மேல் பரணில், டப்பாவைக் கையில் பிடித்தபடி என் பக்கமே பார்த்து நிற்கும் அந்த அம்மா. ஓரத்தில் வெள்ளைக் குச்சி, அதில் படிக்கும்படியாக 9. படம் எடுத்தபோது இதில் எதையும் நான் பார்க்கவில்லை. மூக்கை மட்டும்தான் பார்த்தேன் என்றால் யார் நம்புவார்கள்? தேதி போட்டே பிழைப்பு நடத்துகிறவனுக்கு அந்தப் படம் என்னவென்று புரிந்தது. ஏரி, பயிர், பயிரிட்டவர், எண். அதன் பின்னால் நான் நாளும் மணியும் எழுதினால் ஒரு ஆபீசுக்கு வேறு எதுவும் தேவையில்லை.

“நம்பரோட புடிச்சிருக்கான் அண்ணி” என்றார் கொழுந்தனார். இம்முறை சத்தமாகச் சொல்லவில்லை.

அந்த அம்மா தன் உருவத்தின்மேல் விரலை வைத்தபடியே கேட்டார். “இத யாருக்கு அனுப்புவ?”

“மெட்ராசுல ஒரு பெரியவருக்கு. புத்தகத்துல போடுவார்.”

“ஊரு பேரு போட்டா?”

“ஊரும் தேதியும் போட்டாத்தான் செல்லும்மா.”

“அத யாரு படிப்பா?”

“பறவை பாக்கறவங்க.” கொஞ்சம் தயங்கி, மீதியையும் சொன்னேன். “பாரஸ்ட்டுலயும் படிப்பாங்க.”

நண்பர் குறுக்கே வந்தார். “பறவைய மட்டும் தனியாப் பெருசு பண்ணித் தரேன். கம்பும் வராது, இந்தம்மாவும் வராது. பிரச்சினை முடிஞ்சுது.”

“இது இருக்குல்ல?” அந்த அம்மா ஈரம் காயாத பிலிம் துண்டைக் காட்டினார். “வெதை இருந்தா எப்ப வேணா மொளைக்கும்.”

நான் என்ன சொன்னேன் என்பது நோட்டில் இல்லை. அன்று மாலை எதையும் எழுதவில்லை. அந்தத் துண்டைக் காகித உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தது மட்டும் நினைவிருக்கிறது. தட்டிலிருந்த சின்னப் படங்களின் தாளைக் கொழுந்தனார் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நண்பர் அதற்கு முன்பே பறவையை மட்டும் ஒரு கார்டு அளவுக்குப் பெரிதாக்கியிருந்தார். அதை நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு போகலாமா என்று சனி இரவுவரை முடிவு செய்யவில்லை. போனேன். கேமரா இல்லாமல். கணுக்கால் தண்ணீரில் நாலைந்து பேர் கம்புக் கதிரை மட்டும் கொய்துகொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் முடிந்திருந்தது. கொய்த இடத்தில் கம்பந்தட்டை தண்ணீருக்குள் நின்றது. அந்த அம்மா நிமிர்ந்தார்.

“வா தம்பி. வெசாழக்கெழம காலையில உன் எட்டாம் நம்பரு குச்சியத் தண்ணி தொட்டுருச்சு. தண்ணி மெதுவானப்புறமும் ஒரு குச்சி தாண்ட ரெண்டு நாளுன்னு பாத்து வச்சிருந்தேன். இனிமே பத்து நாளு தாங்காதுன்னு அன்னிக்கே ஆள வுட்டுட்டேன். மணி கொஞ்சம் பிஞ்சுதான். கெடைச்சது வரைக்கும் போதும்.”

கொழுந்தனார் கரையில் கதிர்க் குவியலை மிதித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான். புறப்படும்போது அந்த அம்மா சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்து உறையைக் கொடுத்தார்.

“அறுத்தாச்சு. இனிமே ஒண்ணுமில்ல. ஆனா அடுத்த ஆடிக்கும் நான் வெதைப்பேன்.”

புரிகிறது என்றேன்.

பறவை மட்டும் இருந்த படத்தைச் சென்னைக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து கார்டு வந்தது. 'படம் அருமை. கோணமூக்கு உள்ளான் என்பதில் ஐயமில்லை. ஆனால் தங்கள் ஏரியில் எடுத்தது என்பதற்குப் படத்தில் சான்று ஏதுமில்லையே. முழுப்படம் இருந்தால் அனுப்பவும்.'

முழுப்படம் என் மேசை இழுப்பறையில், உறைக்குள் இருந்தது. அன்று ஒரு பதில் எழுதி, உறைக்கு மேல் வைத்து, மறுநாள் ஆபீசுக்கு எடுத்துப் போனேன். முத்திரைக்குத் தேதி மாற்றினேன். மற்றவர்கள் கடிதங்களுக்கெல்லாம் குத்தினேன். மாலையில் அதைத் திரும்ப வீட்டுக்கு எடுத்து வந்து, வேறு ஒரு பதில் எழுதினேன். 'முழுப்படம் இல்லை.' என் கையெழுத்தில், தேதி போட்டு, தெரிந்தே தவறாக எழுதிய வரி. இதழில் எங்கள் ஏரிக்கு நேராக 'உறுதி செய்யப்படவில்லை' என்று வந்தது.

2001-ல் அரியலூர் தனி மாவட்டமானது, மறு வருடம் மறுபடி சேர்ந்தது, 2007-ல் மறுபடி பிரிந்தது. என் நோட்டுகளில் ஏரியின் மாவட்டத்தை அந்தந்த வருடத்துக்குச் சரியாக எழுதியிருக்கிறேன். பெரும்பாலான புரட்டாசிகளில் அங்கே போனேன். குச்சிக்குச் சுண்ணாம்பு அடிப்பதில்லை. எண்ணுக்குப் பதிலாகக் கத்தியால் வெட்டுக் குறி. நடுவதற்கு முன்னால் பரணுக்குப் போய்ச் சொல்லிவிடுவேன்.

அப்படிச் சொல்லப் போன முதல் வருடம் அந்த அம்மா குச்சிகளைக் கையில் வாங்கி எண்ணிப் பார்த்தார். ஒன்றை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“எட்டோட நிறுத்திக்க தம்பி. அதுக்கு மேல என் கம்பு.”

அன்றிலிருந்து என் குறிப்புகளில் எட்டுக் குச்சிதான். அதற்கு அப்பால் இறங்கிய பறவைகளை எண்ணுவதில்லை.